தாத்தா எழுதிய டிரஸ்ட், இனி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் தாத்தா ஒரு பெரிய கங்காணியின் மகன். ஹட்டன் டவுனில் புடவைக் கடை வைத்திருந்தார். 1964இல் கடைக் கட்டடத்தையும் டிக்கோயாப் பக்கம் இருந்த 8 ஏக்கர் தேயிலைக் காணியையும் டிரஸ்டாக உறுதி எழுதினார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் போக வேண்டும். மிச்சம் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வைத்தியச் செலவுக்கு. தாத்தா, பெரியப்பா, அப்பா மூன்று பேரும் டிரஸ்டிகள். தாத்தா 1979இல் காலமானார். பெரியப்பா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் அங்கேயே தவறிவிட்டார். இப்போது அப்பா மட்டும்தான். அவருக்கு 81 வயது, ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. பெரிய அண்ணன் டொரன்டோவில் கனடாப் பிரஜை. சின்ன அண்ணன் கொழும்பில். நான் இங்கே ஆசிரியை. ஒன்பது வருடமாக வாடகை வாங்குவதும், கொழுந்துக் கணக்குப் பார்ப்பதும், கொப்பியில் எழுதுவதும் நான்தான். காசோலையில் மட்டும் அப்பாவின் கையெழுத்து. “மூத்தவன் பேருக்கு எழுதி வைக்கிறேன், அதுதான் முறை. நீ கட்டிக்கொடுத்த பிள்ளை” என்கிறார். எப்படிக் கைமாற்றுவது? இதில் எனக்கு இடம் உண்டா?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அப்பா சொன்ன “எழுதி வைக்கிறேன்” என்ற வார்த்தையில்தான் சிக்கல் இருக்கிறது. எழுதி வைப்பதற்கு அது அவருடைய சொத்து இல்லை. உறுதியில் அவர் பேர் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, சோலைவரிப் பற்றுச்சீட்டிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் அதைப் பிறருக்காக வைத்துக் காப்பவர். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் டிரஸ்டியை அந்த இடத்தில்தான் நிறுத்துகிறது. கடையும் காணியும் அப்பாவின் முதுசமாகப் பிள்ளைகளுக்கு இறங்காது. மரணசாசனத்தில் “என் மூத்த மகனுக்கு” என்று எழுதினாலும் அது அண்ணனுடைய சொத்தாகிவிடாது.

அப்பா செய்யக்கூடியது நியமனம். யாரை நியமிக்கலாம், யார் நியமிக்கலாம் என்பதை முதலில் தாத்தாவின் உறுதியில் தேடுங்கள். டிரஸ்டி இறந்தால் அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் இன்னாருக்கு என்று அதில் ஒரு வாசகம் இருந்தால் அதுதான் சட்டம். இல்லாவிட்டால் டிரஸ்டை உண்டாக்கியவர் உயிரோடிருந்தால் அவர் நியமிக்கலாம், அல்லது எஞ்சியிருக்கும் டிரஸ்டி நியமிக்கலாம். உங்கள் வீட்டில் எஞ்சியிருப்பவர் அப்பா ஒருவர்தான். அதனால்தான் அவர் கையெழுத்துக்கு இன்றைக்கு இவ்வளவு பெறுமதி. அவர் யாரையும் நியமிக்காமல் கண் மூடினால், அவருடைய மரணசாசன வழக்கில், அவர் விட்டுப்போனதைப் பொறுப்பேற்க வரும் பிரதிநிதியைத் தேட வேண்டும், அல்லது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அந்த வழியில் நான் நடந்திருக்கிறேன். மாத்தளையில் என் பெரியப்பா ஒருவர் இதே மாதிரி ஒரு சின்ன டிரஸ்டுக்குக் கடைசி டிரஸ்டியாக இருந்தார். நேர்மையான மனுசன். ஒரு சதம் வீட்டுக்கு எடுத்ததில்லை. ஆனால் உறுதி, வங்கிப் புத்தகம், வாடகைப் பற்றுச்சீட்டுக் கட்டு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன, பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் போனதும் வாடகைக்காரர் மூன்று பேரும் “யாரிடம் கொடுத்தால் செல்லும் என்று சொல்லுங்கள், கொடுக்கிறோம்” என்றார்கள். அது நியாயமான கேள்வி. எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வங்கிக் கணக்கு அப்படியே நின்றது. வழக்கு முடிய ஏழு வருடம் ஆனது. அந்த டிரஸ்டின் பணத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், இரண்டு பேரும் லயத்துப் பிள்ளைகள். ஒருத்தி படிப்பை விட்டுவிட்டு கொழும்புப் பக்கம் கார்மெண்டுக்கு வேலைக்குப் போனாள். நான் அப்போது சட்டக் கல்லூரி முடித்திருந்த புதிது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் மனதில் நிற்கிறது. டிரஸ்ட் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது “சாவி யாரிடம்?” என்பதுதான்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருவோம். தாத்தாவின் இடமும் பெரியப்பாவின் இடமும் இத்தனை வருடமாகக் காலியாகக் கிடக்கின்றன. அப்பா விலக வேண்டிய அவசியமே இல்லை. அவர் டிரஸ்டியாக இருந்துகொண்டே அந்த இரண்டு இடங்களையும் நிரப்பலாம். இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். “உங்களிடமிருந்து எடுக்கப் போகிறோம்” என்று கேட்டால் 81 வயதில் எந்த மனுசனுக்கும் நெஞ்சு அடைக்கும். “உங்களுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரட்டும் அப்பா” என்று கேட்டால் அவரால் கேட்க முடியும்.

யார் அந்த இரண்டு பேர்? ஒன்று நீங்கள், மற்றது கொழும்பு அண்ணன். உங்களைச் சொல்வது பரிதாபத்தினால் இல்லை. ஒன்பது வருடமாக அந்த வேலையைச் செய்கிறவர் நீங்கள். பெண் டிரஸ்டியாக இருக்கக்கூடாது என்று கட்டளைச் சட்டத்தில் எங்கும் இல்லை. கட்டிக்கொடுத்த பிள்ளை, கட்டிக்கொடுக்காத பிள்ளை என்ற வித்தியாசமும் இல்லை. முதுசத்திலேயே நம் மலையகக் குடும்பங்களுக்குப் பொருந்துகிற 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு கொடுக்கிறது. தாத்தாவின் உறுதி “ஆண் பிள்ளைகள் மட்டும்” என்று எழுத்தில் சொல்லியிருந்தால்தான் நாம் வேறு விதமாகப் பேச வேண்டும்.

டொரன்டோ அண்ணனைப் பற்றி. அவர் நல்லவராக இருக்கலாம், மாதாமாதம் பணம் அனுப்புகிறவராகவும் இருக்கலாம். ஆனால் டிரஸ்டி ஒருவர் வெளிநாட்டில் குடியிருக்கப் போய்விட்டால், அவர் இடத்துக்கு வேறு ஆளை நியமிக்க அதையே ஒரு காரணமாகச் சட்டம் ஏற்கிறது. ஆளை மாற்றுவதற்கே காரணமாகிற ஒன்றோடு ஒருவரைப் புதிதாக நியமிப்பது என்ன முறை? அப்புறம் இன்னொன்று. டிரஸ்டியின் பேரில்தான் காணியின் உரித்து நிற்கும். வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி உரித்து மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. அண்ணன் அதை எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தாலும் என் அபிப்பிராயம் மாறாது. கொழுந்துக் காசு குறைந்தால் தொழிற்சாலைக்குப் போய்க் கேட்கிறவர் இங்கே இருக்க வேண்டும்.

“அண்ணன் பேரில் போட்டுவிட்டு, அவர் எனக்கு அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாக நான் நடக்கும் அதிகாரப் பத்திரம்) தந்தால் போதாதா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். போதாது. டிரஸ்டி தன் பொறுப்பை மொத்தமாக இன்னொருவர் தலையில் வைத்துவிட்டுப் போக முடியாது. வங்கிக்குப் போவது, வாடகை வாங்குவது மாதிரி வழக்கமான வேலைகளுக்கு ஆள் வைக்கலாம். யாருக்குப் படிப்புப் பணம், எந்தக் கடைக்கு எவ்வளவு வாடகை என்ற முடிவை டிரஸ்டியே எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால், உறுதி வேறு விதமாகச் சொல்லாத வரைக்கும், சேர்ந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக முடிவு எடுப்பது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். இது உங்களுக்கும் ஆபத்து, அப்பாவுக்கும் ஆபத்து. பார்வை குறைந்த மனுசனிடம் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. பல வீடுகளில் நடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். பெரியப்பாவின் பிள்ளைகள் எங்கே?

குடும்பத்துப் பிள்ளைகள் என்று தாத்தா எழுதினாரே, அதில் அவர்களும் உண்டு. உறுதியின் திகதியை எடுத்துப் பாருங்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நம் சனத்தைத் தலைக்கணக்கில் பிரித்த ஒப்பந்தம் அது. ஒரே வீட்டில் அண்ணன் தலைமன்னாருக்கு ரயில் ஏறினான், தம்பி கொழுந்துக் கூடையோடு நின்றான். உங்கள் தாத்தா அதே வருடத்தில் டிரஸ்ட் எழுதியிருக்கிறார். திகதி ஒப்பந்தத்துக்கு முன்னா பின்னா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்து நம் சனம் எந்த நேரத்தில் யார் எங்கே போக வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் கடலுக்கு இரண்டு பக்கமும் சிதறினாலும் சொத்து சிதறக் கூடாது என்று அந்த மனுசன் நினைத்திருப்பார். இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய நம் சனத்தின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்கும் தேயிலையில்தான் நிற்கிறார்கள். உங்கள் பெரியப்பா வழிப் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். உறுதி அவர்களை உள்ளடக்கினால், அவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. டிரஸ்ட் சொத்தை டிரஸ்டி எத்தனை வருடம் வைத்திருந்தாலும், “காலம் கடந்துவிட்டது, இனி எங்களுடையது” என்று பயன் பெற வேண்டியவர்களிடம் சொல்ல முடியாது. சட்டத்தை விடுங்கள். புதிய டிரஸ்டியாக நீங்கள் எழுதும் முதல் கடிதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

இனி எழுத்து வேலை. உறுதியின் மூலப் பிரதி கையில் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். காணி சம்பந்தப்பட்டதால் புதிய நியமனத்தையும் நொத்தாரிசு முன்னால் உறுதியாக எழுதி, காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கத்திலேயே பதிவியுங்கள். கடைக்கு ஒன்று, தேயிலைக் காணிக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் இருக்கும். ஒன்றை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. பிறகு வங்கி, நகரசபையில் சோலைவரி, கொழுந்து வாங்கும் தொழிற்சாலை, வாடகைக்காரர்கள் என்று எல்லாருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வங்கியில் மூன்று பேரில் எந்த இரண்டு கையெழுத்தும் செல்லும் என்று வையுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாலும் ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் நிற்காது.

உறுதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போகும்போது இதையும் கேளுங்கள்: குடும்பத்துக்கான பங்கு எதுவரை செல்லும்? தலைமுறை தலைமுறையாக முடிவில்லாமல் குடும்பச் சொத்தைக் கட்டிவைக்க நம் சட்டம் விடுவதில்லை, அதற்கு ஒரு காலவரம்பு உண்டு. தர்மத்துக்கு ஒதுக்கிய பங்குக்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே உங்கள் தாத்தாவின் மூன்றில் ஒரு பங்கு ஒரு விதி, மற்ற இரண்டு பங்கு வேறு விதி என்று பிரிந்து நிற்கலாம். வாசகத்தைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்வது சரியில்லை.

இவ்வளவும் முடிந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். உறுதியில் இல்லாதது அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. மழை விட்ட ஒரு நாள் பார்த்து, ஒரு முச்சக்கரவண்டி பிடித்து, அவரைக் காணிக்குக் கூட்டிப் போங்கள். கொழும்பு அண்ணனும் வரட்டும். எல்லைக் கல் எங்கே, எந்தச் சவுக்கு மரம் நம்முடையது, பக்கத்துக் காணிக்காரருக்குத் தண்ணீர் போகும் கானில் யாருக்கு என்ன பேச்சு, எந்தப் பக்கம் எப்போது கவ்வாத்து வெட்டினது, எது பழைய விதைத் தேயிலை, எது வெட்டுத்துண்டில் வளர்த்த வீ.பி. தேயிலை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தினபோது எந்தத் தேயிலை மலையில் விளைச்சல் விழுந்தது, எது தாங்கினது என்று அவருக்குத் தெரியும். கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் வாடகை குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தாத்தாவுக்கு அந்தக் குடும்பம் ஏதோ ஒரு காலத்தில் செய்த உதவிக்காக இருக்கலாம். படிப்புப் பணம் வாங்கின பிள்ளைகளின் பேர்களைக் கேளுங்கள். அவர்களில் சிலர் இன்றைக்கு ஆசிரியர்களாக, தாதிகளாக உங்கள் டவுனிலேயே நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் இந்த டிரஸ்டில் அக்கறை இருக்கும்.

உங்களுக்கும் ஒரு கண்டிப்பான வார்த்தை. டிரஸ்டி ஆன பிறகு சம்பளம் எடுக்க முடியாது, உறுதியில் சொல்லியிருந்தால் தவிர. பஸ் காசு, பிரதி எடுத்த காசு, உறுதிச் செலவு மாதிரி டிரஸ்டுக்காகச் செய்த செலவை எடுக்கலாம், சீட்டோடு. உங்கள் பிள்ளையின் படிப்புச் செலவு வரும்போது நீங்கள் எழுந்து ஒதுங்கி, மற்ற இரண்டு பேரையும் முடிவெடுக்க விடுங்கள், அதைக் கொப்பியில் எழுதியும் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் கணக்கைத் தட்டச்சில் அடித்து டொரன்டோவுக்கும், கூடலூருக்கும், எல்லாருக்கும் அனுப்புங்கள். கணக்குத் தெரிந்த அண்ணன் தூரத்திலிருந்து சந்தேகப்பட மாட்டார். அவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள், அப்பா மூலமாகப் போக வேண்டாம். “மூத்தவன்” என்ற மரியாதையை அவருக்குக் கொடுங்கள். திருவிழா உபயத்தில் அவர் பேர் முதலில் வரட்டும்.

உறுதியின் பிரதி கிடைத்ததும் எனக்கு ஒன்று அனுப்பினால் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 1958இல் என் பாட்டனார் எழுதிய நன்கொடை உறுதியில், “என் மகன் விற்காமல் அனுபவித்து, அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும்” என்றிருக்கிறது. இதுவும் டிரஸ்டா? அப்பா இப்போது விற்க நினைக்கிறார், தடுக்க முடியுமா?
– வாசகர், பசறை

பதில்: தம்பி, நீங்கள் எடுத்துக் காட்டிய வாசகத்தைப் பார்த்தால் இது டிரஸ்ட் மாதிரித் தெரியவில்லை. பிறருக்காக வைத்துக் காக்கும் ஆள் என்று யாரும் அதில் இல்லை. உரோமன் – டச்சுச் சட்டத்தில் ஃபிடெய்கொமிசம் என்று ஒரு கட்டு இருந்தது. கொடுத்தவர் இறந்த பிறகும் அவருடைய கை சொத்தின் மேல் இருப்பது போல. அந்தக் காலத்து நொத்தாரிசுமார் அதை நிறைய எழுதினார்கள். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. ஆகவே 1958 வாசகத்தை மட்டும் காட்டி அப்பாவைத் தடுப்பது கடினம். உறுதி முழுவதையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே எதையும் செய்யுங்கள். அதற்கு முன் அப்பாவிடம் ஏன் விற்க நினைக்கிறார் என்று கேட்டீர்களா? கடனா, வைத்தியச் செலவா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலை ஒரு கங்காணி கட்டினார். அவருடைய பேரன் இப்போது “எங்கள் குடும்பச் சொத்து, அடுத்து என் மகன்தான்” என்கிறார். உண்டியல் கணக்கு யாருக்கும் காட்டுவதில்லை. உறுதி எதுவும் இல்லை.
– ஐந்து வாசகர்கள், மஸ்கெலியா

பதில்: கட்டினவருடைய குடும்பத்துக்கு முதல் மரியாதை கொடுப்பது நம் வழக்கம், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சம்பள நாளிலும் தோட்டத்துச் சனம் கொடுத்த காசில் நின்ற கோவில் அது. உறுதி இல்லை என்பதால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், சுற்றுமுற்றும் உள்ள விசயங்களைப் பார்த்து இது தர்ம டிரஸ்ட்தான் என்று நீதிமன்றம் முடிவெடுக்கலாம். 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மத சம்பந்தமான டிரஸ்டில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போக 102ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அதற்கு முன் செய்ய வேண்டிய படிகள் உண்டு, சட்டத்தரணி சொல்வார். நீங்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, தேவையான எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறது. ஆனால் முதலில் தலைவர்மாரையும் பெரியவர்களையும் வைத்து, வருகிற திருவிழாவுக்கு முன் ஒரு கூட்டம் போட்டு, கணக்கை எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.